எந்தத் திரையிலும் என்ற வாக்குறுதியும் எமது வீட்டுக் கைத்தொலைபேசிகளும்

கணனி விளையாட்டு என்றதும் புலம்பெயர்ந்து வாழும் எமது பெற்றோர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது செலவே. விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு விலை, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி விலை, சில ஆண்டுகளில் பெட்டி பழையதாகிவிட மீண்டும் புதிய பெட்டிக்கு விலை என இச்செலவு ஓய்வதில்லை. பிள்ளைகள் கேட்கும்போது இல்லை என்று சொல்லவும் மனம் வருவதில்லை. ஆகவே, பெட்டியே தேவையில்லை, வீட்டிலுள்ள திரையே போதும் என ஒரு பெரிய நிறுவனம் அறிவித்தால், அவ்வறிவிப்பு எம்மவர் காதில் இனிமையாகவே விழும். அத்தகைய அறிவிப்புகளை எவ்வாறு எடைபோடுவது என்பதற்கு, கூகிள் நிறுவனத்தின் ஸ்ரேடியா சேவை நல்லதொரு பாடமாக அமைந்துள்ளது.

2019 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் திகதி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இச்சேவை அறிமுகப்படுத்தப்பட்டது. மடிக்கணனியில் தொடங்கிய விளையாட்டு ஒன்றைக் கைத்தொலைபேசியிலும், பின்னர் பலகைக் கணனியிலும், இறுதியில் தொலைக்காட்சியிலும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஆடிக் காட்டினார்கள். பார்த்தோர் வியந்தனர். ஆனால் அன்று மேடையில் இருந்த கருவிகள் யாவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதைச் சிலரே கவனித்தனர்.

இது இயங்கும் விதம்

முகில்வழிச் சேவை எனப்படும் இம்முறையில், விளையாட்டு எமது வீட்டில் இயங்குவதில்லை. தொலைவிலுள்ள தரவு நிலையம் ஒன்றின் வலிமைமிக்க கணனியிலேயே அது இயங்குகிறது. அங்கு உருவாகும் காட்சி, சுருக்கப்பட்ட காணொளியாக இணையவழி எமது திரைக்கு வருகிறது. நாம் அழுத்தும் பொத்தானின் கட்டளை அதே வழியில் திரும்பிச் செல்கிறது. திரைப்படம் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே: திரைப்படத்தைச் சில விநாடிகள் முன்கூட்டியே சேமித்து வைக்கலாம், விளையாட்டை அவ்வாறு சேமிக்க இயலாது. ஆடுபவர் அடுத்து என்ன செய்வார் என்பது எவருக்கும் தெரியாதல்லவா?

விநாடிக்கு 60 படங்கள் காட்டப்படும் விளையாட்டில், ஒரு படத்துக்குரிய நேரம் ஏறத்தாழ 17 மில்லி விநாடிகள் மட்டுமே. ஒளியிழையில் சமிக்ஞை 1000 கிலோமீற்றர் சென்று திரும்புவதற்கே ஏறத்தாழ 10 மில்லி விநாடிகள் ஆகின்றன. எஞ்சிய ஒவ்வொரு தாமதமும் ஆடுபவரின் கையில் உணரப்படும். எனவே, காணொளியை விரைந்து விரித்துக் காட்டும் சில்லு கருவியினுள் இருத்தல் வேண்டும்; வீட்டின் வைபை இணைப்பும் சீராக இருத்தல் வேண்டும். பழைய கைத்தொலைபேசியில் படம் பார்க்க முடிகிறது என்பதால், அதில் முகில்வழி விளையாட்டும் சரியாக ஓடும் என்று கொள்வதற்கில்லை.

கதவு திறந்தது, சிலருக்கு மட்டும்

2019 நவம்பர் 19 ஆம் திகதி 14 நாடுகளில் சேவை தொடங்கியது. எம்மவர் செறிந்து வாழும் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து ஆகியன அவற்றுள் அடங்கின. சுவிற்சர்லாந்து அடங்கவில்லை, அங்கு வாழ்வோர் 2020 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அவுஸ்திரேலியாவுக்கோ, இந்தியாவுக்கோ, இலங்கைக்கோ அச்சேவை இறுதிவரை செல்லவேயில்லை.

தொடக்க நாளில் விளையாடக்கூடிய கைத்தொலைபேசிகள் கூகிளின் சொந்தத் தயாரிப்பான பிக்சல் வரிசையின் 2, 3, 3ஏ, 4 ஆகியவை மட்டுமே. ஐபோன் வைத்திருந்தோர் அதில் கணக்குத் திறக்கலாம், விளையாட்டை விலைக்கு வாங்கலாம். ஆனால் விளையாட முடியாது. சம்சுங் கலக்சி தொலைபேசிகள் சிலவும், ஏசுஸ், ரேசர் நிறுவனங்களின் சில தொலைபேசிகளும் 2020 பெப்ரவரியிலேயே சேர்க்கப்பட்டன. வீட்டுக்கு வெளியே, தொலைபேசி நிறுவனத்தின் கைப்பேசி இணைப்பில் ஆடுவதற்கும் தொடக்கத்தில் இடமிருக்கவில்லை.

தொலைக்காட்சியில் ஆடுவதற்குக் குரோம்காஸ்ற் அல்ற்றா எனும் சிறுகருவி கட்டாயமாக இருந்தது. அதன் மலிவான உடன்பிறப்புகள் உதவவில்லை. அதே அல்ற்றாவை முன்னரே கடையில் வாங்கி வைத்திருந்தோரும், மென்பொருள் புதுப்பிக்கப்படும் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. முதற்தொகுதிப் பெட்டியினுள் வந்த கருவி மட்டுமே தொடக்க நாளில் இயங்கிற்று. அப்பெட்டியின் விலை அமெரிக்காவில் 129 டொலர். மூன்று மாதச் சந்தா அதனுள் அடங்கியிருந்தது. அதன்பின் மாதந்தோறும் 9.99 டொலர் செலுத்த வேண்டும். கட்டணமற்ற வழி 2020 ஏப்ரலிலேயே திறக்கப்பட்டது.

கொன்ரோலரின் கதை இதனிலும் விசித்திரமானது. அது கம்பியின்றி வைபை வழியாக நேரே தரவு நிலையத்துடன் பேசும் என்பதே அதன் சிறப்பாக எடுத்துரைக்கப்பட்டது. ஆயினும் தொடக்கத்தில் அச்சிறப்பு தொலைக்காட்சியில் ஆடும்போது மாத்திரமே கிடைத்தது. கணனியிலும் கைத்தொலைபேசியிலும் கம்பி செருகியே ஆட வேண்டியிருந்தது.

2020 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் கூகிள் தானே வெளியிட்ட புதிய தொலைக்காட்சிக் கருவி, ஸ்ரேடியாவை முறைப்படி ஏற்றது 2021 யூன் மாதத்திலேயே. தன் வீட்டுக் கருவிக்கே தன் சேவை பொருந்தாதிருந்த காலம் அது எனலாம்.

எல்லைகள் யாருடையவை?

இவ்வெல்லைகள் யாவும் தொழில்நுட்பத்தால் மட்டும் எழுந்தவையல்ல. ஐபோனில் ஆட முடியாமைக்கு, அப்பிள் நிறுவனத்தின் கடை விதிகள் பெரிதும் காரணமாயின. முகில்வழிச் சேவையிலுள்ள ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனிச் செயலியாகத் தன் ஒப்புதலுக்கு வரவேண்டும் என 2020 செப்ரெம்பரில் அப்பிள் வலியுறுத்தியது. அதே மாதம் 15 ஆம் திகதி மைக்ரோசொப்ற் தனது முகில்வழிச் சேவையை அன்ட்ரொய்ட் கருவிகளில் தொடங்கியபோது, ஐபோன் பயனாளர் வெளியே நின்றனர். ஈற்றில் ஸ்ரேடியாவும் ஏனையோரும் இணைய உலாவியின் வழியே ஐபோனுக்குள் புகுந்தனர். 2024 ஜனவரியில்தான் அப்பிள் அவ்விதியைத் தளர்த்தியது. இரு பெரும் நிறுவனங்களின் இழுபறியில், இடையில் காத்திருந்தவர் காசு கொடுத்தவரே.

இதில் எமது குடும்பங்களுக்கு உள்ள இடர் தெளிவானது. ஒரே வீட்டில் ஒருவரிடம் ஐபோன், இன்னொருவரிடம் உறவினர் கொடுத்த பழைய தொலைபேசி, பிள்ளையிடம் பாடசாலைக் கணனி எனக் கருவிகள் கலந்தே இருக்கின்றன. விளம்பரம் பேசுவது புதிய கருவிகளைப் பற்றி. பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில், நாம் இன்னமும் முழுமையாகப் பழகாத மொழியில் அச்சிடப்பட்டிருப்பதே உண்மையான நிபந்தனை. அதைப் பெற்றோருக்கு வாசித்து விளக்குவதும் பல வீடுகளில் அதை வாங்க ஆசைப்படும் பிள்ளையே.

கணக்கில் வராத இன்னொரு செலவும் உண்டு. குறைந்தபட்சத் தரத்துக்கு விநாடிக்கு 10 மெகாபிற் வேகமும், 4கே தரத்துக்கு 35 மெகாபிற் வேகமும் வேண்டுமெனக் கூகிள் அறிவித்திருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், முன்னையது மணித்தியாலத்துக்கு 4.5 ஜிகாபைற், பின்னையது 15 ஜிகாபைற்றுக்கும் அதிகம். மாத அளவு வரையறுக்கப்பட்ட இணைப்பு வைத்திருக்கும் வீட்டில், ஒரு வார இறுதியிலேயே அம்மாத அளவில் பெரும் பகுதி கரைந்துவிடும்.

முடிவும் படிப்பினையும்

2022 செப்ரெம்பர் 29 ஆம் திகதி சேவையை மூடப்போவதாகக் கூகிள் அறிவித்து, 2023 ஜனவரி 18 ஆம் திகதி மூடியது. தன் கடையில் வாங்கிய கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தமை பாராட்டுக்குரியது. மாதச் சந்தாப் பணம் திரும்பவில்லை. கொன்ரோலர்களைப் புளூடூத் வழி வேறு கருவிகளுடன் பயன்படுத்தவும் வழி செய்யப்பட்டது. ஆனால் எல்லோருக்கும் எப்போதும் இவ்வாறு நடப்பதில்லை. 2010 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒன்லைவ் எனும் முன்னோடிச் சேவை 2015 ஏப்ரல் 30 ஆம் திகதி மூடப்பட்டபோது, அதில் வாங்கப்பட்ட விளையாட்டுகளும் அதனுடனேயே மறைந்தன.

மைக்ரோசொப்ற், என்விடியா, அமேசன் ஆகிய நிறுவனங்களின் முகில்வழிச் சேவைகள் இன்றும் இயங்குகின்றன. அவை பயனற்றவை என்று நாம் கூறவரவில்லை. விலையுயர்ந்த பெட்டி வாங்க இயலாத வீட்டுக்கு அவை நல்ல வாய்ப்பாகவும் அமையலாம். எனினும் பணம் செலுத்துமுன் சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. எமது நாட்டில் சேவை உண்டா? எம்மிடம் உள்ள தொலைபேசியின் பெயரும் இலக்கமும் பட்டியலில் உள்ளனவா? தொலைக்காட்சிக்கு வேறு கருவி வாங்க வேண்டுமா? இருக்கும் கொன்ரோலர் பொருந்துமா? சேவை மூடப்பட்டால் வாங்கிய விளையாட்டு என்னவாகும்? கட்டணமின்றிப் பரீட்சிக்க இடமிருப்பின், வீட்டிலுள்ள அதே கருவியில், எல்லோரும் இணையம் பாவிக்கும் மாலை வேளையில் ஒருமுறை ஆடிப் பார்ப்பதே சிறந்த சோதனை.

எந்தத் திரையிலும் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, எந்தெந்தத் திரையில் என்று திருப்பிக் கேட்கும் உரிமை எமக்கு உண்டு. உழைத்த பணத்துக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே.