வீட்டை விற்குமுன் விலையறிதல்

மாட்டை விற்க நினைப்பவன் அதன் பல்லையும் கறவையையும் பார்த்து, இன்ன விலை பெறுமென்று நிச்சயித்துக்கொண்ட பின்னரே சந்தைக்குப் புறப்படுகிறான். ஆயுள் முழுதும் உழைத்துத் தேடிய வீட்டை விற்க முற்படுவோரிற் பலர் அவ்வளவு தூரங்கூட யோசிப்பதில்லை. தரகர் வாயிலிருந்து முதலில் வரும் தொகையையே விலையென்று கொண்டுவிடுகின்றனர். கலியாணம், வைத்தியம், பழங்கடன் ஆகிய நெருக்கடிகளிலேயே வீடுகள் பெரும்பாலும் விலைக்கு வருகின்றன. நெருக்கடியிலிருப்பவன் கணக்கறியாதவனாயுமிருந்தால் நஷ்டம் இருமடங்காகும். ஆதலின் ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கடற்கரைப் பகுதியை உதாரணமாகக் கொண்டு, வீட்டுக்காரரே தம் வீட்டை மதிப்பிடும் முறையை ஈண்டு விளக்குவோம். மற்ற ஊர் அங்கத்தினர்களும் இதைத் தத்தம் ஊருக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

வீடென்பது பாத்தியதை, மனை, கட்டடம் என்னும் மூன்றும் சேர்ந்தது. மூன்றையும் தனித்தனியே மதித்துப் பின்னர் கூட்டவேண்டும்.

1. பாத்தியதை

முதலில் அறியவேண்டியது, விற்பதற்கு நம்மிடம் உள்ளது யாது என்பதே. கிரயப் பத்திரமும் பட்டாவும் நம் பெயரிலிருந்தால் மனையும் கட்டடமும் நம்முடையவை. ஆனால் இப்பகுதியில் அயலார் மனையிலோ கோவில் மனையிலோ வாடகை செலுத்திக் கட்டிக்கொண்ட வீடுகளும் உண்டு. அவற்றில் அடிமனை நம்முடையதன்று. விற்கக்கூடியது கட்டடமும் அதைச் சார்ந்த அனுபோகமுமே. 1921-ஆம் வருஷத்துச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்துக்குட்பட்டவர்கள், வெளியேற்றப்படுங்கால் கட்டடத்துக்கு நஷ்டஈடு பெறவும், சில நிபந்தனைகளின்மீது மனையைக் கிரயத்துக்குக் கோரவும் இடமுண்டு. கோவில் மனைகளுக்கு 1996-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் இச்சலுகை இல்லை. 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி முன் அனுமதியின்றிக் கோவில் நிலத்தை விற்கவும் இயலாது. இத்தகைய வீட்டைப் பட்டா மனை வீட்டின் விலையோடு ஒப்பிடுவது வீண் ஆசையாகும்.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் ஏற்பட்டது. 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப்படுகிறது. அதன் ஒதுக்கீட்டு வீடுகளில் வசிப்போர், தவணைகள் தீர்ந்து வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் பெற்ற பின்னரே விலையைப்பற்றிப் பேசவேண்டும். அடுக்குமாடி வீட்டினர் தமக்குரிய பிரிபடாத மனைப்பாகம் எத்தனை சதுர அடியென்று பத்திரத்தில் பார்த்துக்கொள்க.

2. மனை

மனையை அளந்து, பத்திரத்திலுள்ள அளவோடு ஒத்துப்பார்க்கவேண்டும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அடுத்து, அருகில் ஓராண்டு ஈராண்டுக்குள் விற்ற மனைகளின் விலையை அறியவேண்டும். வதந்தியை நம்பவேண்டுவதில்லை. அக்கம்பக்கத்து சர்வே நம்பர்களுக்கு வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலோ, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸிலோ பார்த்தால் பத்திரத்தில் எழுதிய கிரயத் தொகை தெரியும். குறைந்தது மூன்று கிரயங்களையாவது ஒப்பிடுக. சிலர் உண்மை விலையைக் குறைத்து எழுதியிருப்பர். ஆதலால் விற்றவரையும் விசாரித்தறிவது நலம்.

சர்க்கார் வழிகாட்டி மதிப்பே விலையென்று பலர் எண்ணுகின்றனர். அது முத்திரைத் தீர்வை வசூலுக்காக ஏற்பட்ட மதிப்பு. 2017 ஜூனில் அரசாங்கத்தார் அதை நூற்றுக்கு 33 வீதம் குறைத்தனர்; 2023 ஏப்ரலில் அக்குறைப்பு நீங்கிற்று. அவ்விரு நாட்களிலும் யாருடைய மனையும் சுருங்கவுமில்லை, விரியவுமில்லை. சந்தை விலை அம்மதிப்புக்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம்.

3. கட்டடம்

இன்று அதே கட்டடத்தைக் கட்டச் சதுர அடிக்கு என்ன செலவாகுமென்று ஊர் மேஸ்திரியைக் கேட்டு, அதிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கவேண்டும். மனைக்குத் தேய்மானமில்லை, கட்டடத்துக்கு உண்டு. கடற்காற்றில் கான்கிரீட்டுக் கம்பி விரைவில் துருவேறித் தளம் பிளக்கும். ராயபுரத்துப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளங்களில் மர உத்திரங்களைச் செல்லரித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முழுதும் பழுதான கட்டடத்துக்கு விலையில்லை. இடிக்கும் செலவைக்கூட வாங்குவோர் கழிப்பர்.

கணக்கு மாதிரி

பின்வரும் தொகைகள் முறையைக் காட்டுதற்கே; எந்த ஊரின் விலையுமல்ல.

மனை 600 சதுர அடி, அடிக்கு ரூ. 5,200 வீதம்: ரூ. 31,20,000
சந்து குறுகலாதலின் மனை மதிப்பில் நூற்றுக்கு 10 கழிவு: ரூ. 3,12,000
மீதி மனை மதிப்பு: ரூ. 28,08,000
கட்டடம் 500 சதுர அடி, அடிக்கு ரூ. 2,000 வீதம்: ரூ. 10,00,000
60 வருஷ ஆயுளில் 30 கழிந்தமையால் தேய்மானம்: ரூ. 5,00,000
மீதி கட்டட மதிப்பு: ரூ. 5,00,000
ஆக வீட்டின் மதிப்பு: ரூ. 33,08,000

இவ்வீட்டின்மீது ரூ. 4,00,000 அடமானக் கடன் நின்றால், மதிப்பு குறைவதில்லை; கைக்கு வருவது மாத்திரம் ரூ. 29,08,000 ஆகும். தரகும் வரியும் இதிலிருந்தே போகவேண்டும்.

4. இடத்தின் குணதோஷம்

1876-இல் தொடங்கிய துறைமுகச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே செல்லும் கடல் மணலைத் தடுத்தன. அதனால் தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டது. கரையோர வீட்டை வாங்குவோர், 1991-இல் முதன்முதல் ஏற்பட்டு 2019-இல் புதுப்பிக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி இடித்துக் கட்ட அனுமதி கிடைக்குமா என்று கேட்பர். அதற்குரிய பதிலை விற்பவர் முன்பே தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கசிந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவிற்று. அம்மாத இறுதியில் அமோனியா வாயுவும் கசிந்தது. இத்தகைய விபத்துக்களுக்கு மறுமாதம் கேட்கப்படும் விலை பீதியின் விலையாகும். கூடுமானால் அப்போது விற்காதிருப்பதே நன்று. அதேபோல் 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்ததைக்கொண்டு எல்லா வீடும் ஒன்றுபோல் விலையேறிற்றென்று நினைப்பதும் தவறு. ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷ நடை, மழைநாளில் அவ்வழி நீர் தேங்குமா என்பனவற்றைக்கொண்டே ஏற்றத்தை மதிக்கவேண்டும்.

5. சில எச்சரிக்கைகள்

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. இதை மிச்சப்படுத்த, வாங்குவோர் பத்திரத்தில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாகத் தர முன்வருவர். இதற்கு இணங்கலாகாது. நிலம் வீட்டுக் கிரயத்தில் ரூ. 20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது 2015 ஜூன் முதல் குற்றம். சர்க்கார் மதிப்பு பத்திரத் தொகையினும் நூற்றுக்கு 10-க்கு மேல் கூடியிருப்பின், வருமான வரிக்கு அம்மதிப்பே விற்ற விலையாகக் கொள்ளப்படும். மேலும், பத்திரத்தில் எழுதாத பாக்கியைக் கோர்ட்டில் வாங்குவது எளிதன்று.

சங்கத்தில் வீடு அடமானமாயிருந்தால், பேரத்துக்கு முன்பே பாக்கிக் கணக்கை எழுத்துமூலம் பெறுக. கடன் தீர்ந்ததும் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்துகொள்க. அது பதிவாகாதவரை வில்லங்கச் சான்றில் கடன் நின்றுகொண்டேயிருக்கும். அதைக் காட்டியே விலையைக் குறைப்பர்.

இக்கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்னும் தொகையைக் குடும்பத்தார் யாவரும் கூடி, முக்கியமாக வீட்டுப் பெண்களையும் கலந்து, முடிவு செய்யவேண்டும். அதன் பின்னரே தரகரை அழைக்கலாம். கணக்கிட்டுப் பார்த்தபின் சிலருக்கு விற்பதைவிட ஒரு பகுதியை வாடகைக்கு விட்டோ, சங்கத்தில் கடன் பெற்றோ நெருக்கடியைத் தீர்ப்பதே லாபமெனப் புலப்படும். அதுவும் இக்கணக்கின் பயனேயாகும்.