குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்கும் முன்...

கடையில் வண்டியின் வர்ணத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், அம்மா! முதலில் பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அது வேண்டாம். வார் ஐந்து இடங்களில் பிடிக்க வேண்டும்: இரு தோள், இடுப்பின் இரு பக்கம், கால்களுக்கு நடுவே ஒன்று. தலை நிற்காத சிசுவுக்கு மல்லாந்து படுக்க வசதி அவசியம். நம் நடைபாதைகள் இருக்கிற லட்சணத்தில் சின்னச் சக்கரம் குழியில் சிக்கிக்கொள்ளும்.

1965-ல் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேய விமான என்ஜினீயர், குடைபோல் மடங்கும் வண்டியை அமைத்தார். மாடி வீட்டுக்காரர்களுக்கு மகா சௌகரியம்! ஆனால் கீல் பொல்லாதது. அமெரிக்காவில் சில குழந்தைகளின் விரல் நுனியே துண்டிக்கப்பட்டு, 2009-ல் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் உறை கொடுக்க நேர்ந்தது. ஆகவே, விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்ட நிற்கட்டும். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள், வண்டி குடைசாய்ந்துவிடும்.