ஊரடங்கை ஊர் ஏன் மதித்தது?

ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்துவது வழக்கம். ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு என்று பெயர். 2002 முதல் நடக்கிறது. வேலை, மதம், குடும்பம், குடியேறிகள் என்று நீளும் கேள்விகளுக்கு நடுவே இப்படி ஒன்று வரும்: உங்கள் நாட்டு அரசியல்வாதிகளை எவ்வளவு நம்புகிறீர்கள்? கொஞ்சமும் நம்பவில்லை என்றால் பூஜ்யம், முழுக்க நம்பினால் பத்து. வாசலில் வந்து நிற்பவரிடம் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டு மக்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

அந்த எண்களைத் தூசி தட்டி எடுத்தவர்கள் பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் இருவர். 2020-ல் கூகுள் நிறுவனம் கைபேசிகளின் இருப்பிடத் தகவலை, ஆள் அடையாளம் தெரியாதபடி, பகுதிவாரியாகத் தொகுத்து வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையிலான ஐந்து வாரங்களை இயல்பு நிலையாக வைத்துக்கொண்டு, கடைகண்ணி, பூங்கா, ரயில் நிலையம், அலுவலகம் என ஒவ்வொன்றிலும் நடமாட்டம் எத்தனை சதவீதம் மாறியது என்று அதில் பார்க்கலாம். இதோடு பழைய கணக்கெடுப்பின் எண்களைப் பொருத்திப் பார்த்தார்கள். மார்ச்சில் ஊரடங்கு அறிவிப்பு வந்ததும் எங்கும்தான் நடமாட்டம் குறைந்தது. ஆனால் அரசியல்வாதிகளுக்கு முன்பே நல்ல மதிப்பெண் போட்டிருந்த பகுதிகளில், அவசியமில்லாத நடமாட்டம் மற்ற பகுதிகளைவிட அதிகமாகக் குறைந்திருந்தது.

கேள்வி கேட்ட காலத்தில் கோவிட் என்ற நோயே கிடையாது. ஆகவே நோய்ப் பயத்தில்தான் மக்கள் அரசை நம்பத் தொடங்கினார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. அரசை அதிகம் நம்பும் பகுதி வசதியான பகுதியாகவும் இருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கக்கூடியவர்கள் அங்கே கூடுதலாக இருக்கலாம். புள்ளியியல் முறைகளால் இதையெல்லாம் ஓரளவு கழித்துப் பார்க்கலாம், முழுதாக முடியாது. சந்தேகம் தீர வேண்டுமானால் நம்பிக்கை ஓரிடத்தில் திடீரென்று உடைய வேண்டும். பக்கத்திலேயே, மற்ற எல்லா வகையிலும் அதே மாதிரியான இன்னோர் இடத்தில் உடையாமல் இருக்க வேண்டும். இப்படியொரு சோதனை நடத்த எந்த ஆய்வாளருக்கும் அனுமதி கிடைக்காது. பிரிட்டனில் அது தானாக நடந்தது.

2020 மார்ச் 23 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்றார். நான்கே நாளில், அவருடைய தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் மனைவியையும் சிறு பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சுமார் 420 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டர்ஹமுக்கு, தன் பெற்றோரின் பண்ணைக்குப் போனார். மனைவிக்கு நோய் அறிகுறி தெரிந்த சமயம் அது. மே 22-ம் தேதி கார்டியன், டெய்லி மிரர் பத்திரிகைகள் இதை வெளியிட்டன. மே 25 அன்று பிரதமர் இல்லத்தின் ரோஜாத் தோட்டத்தில் ஒரு மேசை போட்டு, வெள்ளைச் சட்டையில் தனியாக உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்துப் படித்து அவர் விளக்கம் சொன்னார். இரண்டு பேரும் நோயுற்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகப் போனேன் என்றார். அதுவரை கேட்டவர்களில் சிலர் தலையசைத்திருக்கக்கூடும். ஏப்ரல் 12 அன்று பார்னார்டு காஸில் என்ற ஊருக்கு அரை மணி நேரம் கார் ஓட்டிப் போனது எதற்கு என்றால், நோயில் கண் பார்வை மங்கியிருந்ததாம். லண்டன்வரை ஓட்ட முடியுமா என்று சோதித்துப் பார்த்தாராம். பார்வையில் சந்தேகம் உள்ளவர் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு சாலையில் இறங்கியா அதைச் சோதிப்பார் என்று நாடே சிரித்தது. டர்ஹம் காவல்துறை விசாரித்து, டர்ஹமுக்கு வந்தது குற்றமாகாது, பார்னார்டு காஸில் பயணம் சிறிய விதிமீறலாக இருக்கலாம், நடவடிக்கை தேவையில்லை என்று சொல்லிவிட்டது. கம்மிங்ஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜான்சனும் அவரை நீக்கவில்லை.

இதே நாட்களில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் டெய்சி ஃபேன்கோர்ட், ஆண்ட்ரூ ஸ்டெப்டோ குழுவினர் பல்லாயிரம் பேரிடம் வாராவாரம் இணையவழியில் கேள்வி கேட்டு வந்தார்கள். கொரோனா சமாளிப்பில் அரசு மேல் நம்பிக்கை எவ்வளவு, ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்பது அவற்றில் ஒன்று. ஏப்ரல் 24 முதல் ஜூன் 11 வரை 40,597 பேரிடமிருந்து வந்த 2,20,755 பதில்களை ஆராய்ந்து, அவ்வாண்டு ஆகஸ்ட்டில் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பிரிட்டனில் சுகாதாரம் வட்டார அரசுகளின் கையில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் சொந்த அரசு, சொந்த விதிகள். கம்மிங்ஸ் வேலை பார்த்ததோ இங்கிலாந்துக்கு விதி போடும் அரசில். இங்கிலாந்துக்காரர்களின் நம்பிக்கைக் கோடு மே 22 அன்று கீழே திரும்பி, அடுத்த சில நாள் வேகமாக இறங்கியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் தங்கள் அரசின் மேல் இருந்த நம்பிக்கை அப்படிச் சரியவில்லை. ஆய்வு முடிந்த நாள்வரை இங்கிலாந்தின் கோடு பழைய உயரத்துக்குத் திரும்பவும் இல்லை. விதிகளைப் பின்பற்றும் அளவு மூன்று இடங்களிலும் மெல்லக் குறைந்துகொண்டுதான் இருந்தது என்றாலும், அந்த வாரத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் கூடுதலாகக் குறைந்தது. கம்மிங்ஸ் விளைவு என்றே ஆய்வுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

குறை சொல்லவும் இடமுண்டு. பதில் சொன்னவர்கள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். தாமாக வந்து சேர்ந்தவர்கள். வயது, பாலினம், கல்வி பார்த்து மக்கள்தொகைக்கு ஏற்றபடி சரிசெய்திருக்கிறார்கள். ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் ஆறு பேர்வரை வெளியில் கூடலாம் என்று தளர்வும் வந்தது. ஆனால் கோடு திரும்பியது தளர்வு வந்த நாளில் இல்லை, செய்தி வெளியான நாளில்.

ஒரே ஒரு கார்ப் பயணம் இத்தனை பேரின் நடத்தையை ஏன் தொட வேண்டும்? ஊரடங்கு மற்ற சட்டங்களைப் போன்றதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஹெல்மெட் போடாதவரைத் தெருமுனையில் நிறுத்திப் பிடித்துவிடலாம். பாட்டியின் பிறந்தநாளுக்கு வீட்டுக்குள் எத்தனை பேர் கூடினார்கள் என்பதை யார் பார்ப்பது? இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்தால் 2020-ல் ஆறு கோடிக்குச் சற்றுக் குறைவான மக்கள். போலீஸாரோ சுமார் 1,30,000 பேர். விதியின் பலனும் கண்ணுக்குத் தெரியாது. அறிகுறி இல்லாமலே நோயைப் பரப்பக்கூடிய ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் அதனால் யார் பிழைத்தார் என்று அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. தண்டனைப் பயமும் இல்லை, கைமேல் பலனும் இல்லை என்றால், சொன்னவர் மேலுள்ள நம்பிக்கை ஒன்றுதான் மிச்சம்.

அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் வெகுகாலம் முன்பே இதன் வேரைத் தேடிப் பார்த்திருக்கிறார். 1984-ல் சிகாகோவில் 1,575 பேரிடம் சட்டத்தை ஏன் மதிக்கிறீர்கள் என்று துருவிக் கேட்டு, 1990-ல் புத்தகமாக எழுதினார். பிடிபடுவோம் என்ற பயத்தைவிட, சட்டம் போடுபவருக்கு அந்த உரிமை உண்டு என்ற எண்ணம்தான் வலுவாக வேலை செய்தது. அந்த எண்ணமும் தீர்ப்பு தனக்குச் சாதகமாக வந்ததா என்பதைவிட, தன்னை மற்றவர்களைப் போலவே நடத்தினார்களா என்பதைப் பொறுத்தே அமைந்தது. கம்மிங்ஸ் உடைத்தது அதைத்தான். ஜான்சன் அரசு அதோடு நிறுத்தவும் இல்லை. ஊரடங்குக் காலத்தில் அரசு அலுவலகங்களில் நடந்த கூடுகைகளுக்காகப் பின்னாளில் காவல்துறை விதித்த அபராதங்கள் 126. அபராதம் பெற்றவர்களில் ஜான்சனும் ஒருவர். பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதற்காக அபராதம் கட்டிய முதல் பிரிட்டிஷ் பிரதமர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. இதற்கு நேர்மாறாக, ஸ்காட்லாந்தில் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், தன் இரண்டாவது வீட்டுக்குப் போய்வந்தது தெரிந்ததும் 2020 ஏப்ரல் 5 அன்றே விலகிவிட்டார்.

அரசை நம்பாதவர்களைப் பற்றி அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று இருக்கிறது: விவரம் தெரியாதவர்கள். இதைச் சோதித்த ஆய்வு லைபீரியாவிலிருந்து வருகிறது. 2014 ஆகஸ்ட் 20 அன்று, எபோலாவுக்குப் பயந்து, தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயின்ட் என்ற பெரிய குடிசைப் பகுதியை ராணுவம் முள்வேலி போட்டு மூடியது. காலையில் எழுந்து பார்த்த பிறகுதான் உள்ளே இருந்தவர்களுக்கே தெரியும். அரசின் பிரதிநிதியான வட்டார ஆணையரையும் குடும்பத்தையும் மட்டும் காவலோடு வெளியே கூட்டிப்போவதைக் கண்டதும் கூட்டம் கொதித்தது. கல் பறந்தது, துப்பாக்கி வெடித்தது, ஒரு சிறுவன் செத்தான். பத்து நாளில் வேலியை எடுத்துவிட்டார்கள்.

அந்த நோய்க்காலத்திலேயே ஆய்வாளர்கள் மூவர் மன்ரோவியாவில் 1,572 பேரிடம் விசாரித்தார்கள். அரசை நம்பாதவர்கள் கை கழுவுதல் முதலிய எச்சரிக்கைகளையும் அரசின் கட்டுப்பாடுகளையும் குறைவாகவே பின்பற்றினார்கள். ஆனால் எபோலா எப்படிப் பரவும், அறிகுறி என்ன என்று கேட்டால், நம்பியவர்களுக்குத் தெரிந்த அளவு இவர்களுக்கும் தெரிந்திருந்தது. இன்னும் துண்டறிக்கை அச்சடிப்பதால் தீர்கிற பிரச்சினை இல்லை அது.

பிரிட்டனில் அதிகாரிகள் பிடித்துக்கொண்ட சாக்கு வேறு. சீக்கிரமே கட்டுப்பாடு போட்டால் மக்கள் சலித்துப்போவார்கள் என்று 2020 மார்ச்சில் பேசினார்கள். இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு 681 நடத்தை அறிவியலாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நடந்ததும் வேறு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெரும்பாலான விதிகளை மாதக்கணக்கில் பின்பற்றினார்கள். ஒன்றே ஒன்றில்தான் பெரிய ஓட்டை: அறிகுறி வந்தவர் வீட்டை விட்டே வெளியேறாமல் இருப்பது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின்படி அதை முழுதாகக் கடைப்பிடித்தவர்கள் 42.5 சதவீதம் மட்டுமே. பணக் கஷ்டம் உள்ளவர்களும் சிறு பிள்ளை வைத்திருப்பவர்களும் அதிகம் தவறினார்கள். நோய்விடுப்புக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை அப்போது வாரத்துக்கு 95.85 பவுண்டு, லண்டனில் அதில் வாடகைகூடக் கொடுக்க முடியாது. இதை அவநம்பிக்கைக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

2019-ல் உலக நாடுகளின் தொற்று ஆயத்தத்துக்கு மதிப்பெண் போட்ட ஒரு பட்டியலில் முதலிடம் அமெரிக்காவுக்கு, இரண்டாமிடம் பிரிட்டனுக்கு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டும் பட்ட பாட்டை உலகம் பார்த்தது. 2022-ல் லான்செட்டில் 177 நாடுகளை ஒப்பிட்டவர்கள், இத்தகைய மதிப்பெண்ணுக்கும் தொற்று விகிதத்துக்கும் தொடர்பைக் காணவில்லை. நம்பிக்கைக்கும் தொற்றுக்கும் கண்டார்கள். எல்லா நாடுகளிலும் அரசின் மேல் டென்மார்க் அளவுக்காவது நம்பிக்கை இருந்திருந்தால் உலகத் தொற்று 12.9 சதவீதம் குறைந்திருக்கக்கூடும். சக மனிதர்மேல் அந்த அளவு நம்பிக்கை இருந்திருந்தால் 40.3 சதவீதம். தொடர்பைக் காரணம் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு பொருந்தும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். இருந்தாலும் இரண்டாவது எண் மூன்று மடங்கு பெரியது என்பதை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் விதியை மதிப்பார் என்று நம்புகிறவருக்குத் தான் மட்டும் ஏமாளி என்ற எண்ணம் வராது.

மன்ரோவியா ஒருவகையில் இந்தப் பக்கத்து வீட்டு நம்பிக்கையைத்தான் பயன்படுத்திக்கொண்டது. அரசு அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்களையே பிடித்து, பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பியது. அவர்கள் வந்துபோன பகுதிகளில் கட்டுப்பாடுகளுக்கு ஆதரவு கூடியது, அரசின் மேல் நம்பிக்கையும் கூடியது. மறுநாளும் அதே தெருவில் குடியிருந்து பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதால்தான் அவர்கள் பேச்சு எடுபட்டது என்பது அதே ஆய்வாளர்களின் முடிவு. 4,800-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த லைபீரியாவில் அந்தப் பரவல் முடிந்ததாக உலகச் சுகாதார அமைப்பு 2015 மே 9 அன்று அறிவித்தது. பிறகும் சில முறை எபோலா அங்கே தலைகாட்டியது; ஒவ்வொரு முறையும் பத்துப் பேரைக்கூடத் தாண்டவில்லை.