முதல் வருஷத்திலேயே தொலையும் சான்றிதழ்

தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) சேரப் பணம் கேட்பதில்லை. பரேடு முடிந்தால் சிற்றுண்டி, முகாமில் சாப்பாடு, சுடப் பழக ரைஃபிள், எல்லாம் அரசு செலவு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த படை இது. சேர்ந்துவிட்டால் பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். அப்படி ஒரு கடப்பாடு கிடையாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. என்.சி.சி. கேட்பது ஒன்றுதான்: ஆள் வந்து நிற்கணும்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் பொருளியல் வாத்தியார். சனிக்கிழமை காலையில் மட்டும் காக்கி மாட்டிக்கொள்ளும் என்.சி.சி. அதிகாரி, பசங்களுக்கு 'ஏ.என்.ஓ. சார்'. சான்றிதழ்த் தேர்வுக்குத் தகுதிப் பட்டியல் எழுதும் சமயம் வந்தால் போதும், என் அறை வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். "சார், எனக்கு எத்தன பர்சன்ட்?"

விதி சின்னதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஏ' சான்றிதழ். இரண்டு வருஷப் பயிற்சி. கல்லூரியில் முதல் இரண்டு வருஷத்துக்கு 'பி'. இரண்டுக்குமே பாடத்திட்டம் சொல்லும் பீரியட்களில் 75 சதவீதம் வந்திருக்கணும், ஒரு முகாம் போயிருக்கணும். மூன்றாம் வருஷம் 'சி'. அதற்குக் கையில் 'பி' இருக்கணும், அந்த வருஷத்திலும் 75 சதவீதம் வேணும், முகாம் மொத்தம் இரண்டு ஆகியிருக்கணும். இவ்வளவும் இருந்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள்.

இதில் பலர் கவனிக்காதது 'பீரியட்' என்ற கணக்கு. ஒரு பரேடு நாளில் டிரில், ஆயுதப் பயிற்சி, வரைபடம் பார்ப்பது, வகுப்பு என்று சில பீரியட்கள் இருக்கும். டிரில் முடிந்த பிறகு பஸ் கிடைக்கவில்லை என்று வந்து நிற்பவனுக்கு அந்த நாள் முழுசாகச் சேராது.

கல்லூரி வருகைப்பதிவுக்கு ஒரு பின்வாசல் உண்டு. 75-க்குக் கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றைக் கொடுத்து, கண்டனேஷன் ஃபீஸ் கட்டிப் பரீட்சை எழுதிவிடலாம். அதையே இங்கேயும் எதிர்பார்த்து வருகிறார்கள். இங்கே கட்டுவதற்கு ஃபீஸும் இல்லை, கட்டும் ஜன்னலும் இல்லை. நானே வருகை போட்டுவிடவும் முடியாது. சிற்றுண்டிப் படி, வந்த தலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. வராத பத்துப் பேருக்கு நான் 'பிரசன்ட்' போட்டால், அவர்கள் தின்னாத பரோட்டாவுக்கும் கணக்கு எழுதணும். பட்டாலியனிலிருந்து வரும் ராணுவ ஹவில்தாரும் வரிசையில் நிற்பவர்களை எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.

ஒரு தடவை ஒரு அம்மா வந்தார். பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைப்பவர். "சார், பய மொத வருசம் சனிக்கிழமயானா கல்யாண வீட்டுப் பந்தி வேலைக்குப் போயிட்டான். அந்த ரூவாயிலதான் பஸ்ஸுக்கும் புஸ்தகத்துக்கும் ஓடிச்சு. ரெண்டு வருசமா காக்கிச் சட்டயத் தொவச்சு தேச்சுக் குடுத்திருக்கேன். பாத்துப் போட்டுவிடுங்க சார்."

"யம்மா, பொய்யாப் போட முடியாது. இவன் ரெண்டாம் வருசம் ஒழுங்காத்தான் வந்திருக்கான். மொத வருசம்தான் காலி."

"அத அப்பவே யாரும் சொல்லலியே சார்?"

நியாயமான கேள்வி. 'பி' சான்றிதழ் கிடைக்காமல் போவது பெரும்பாலும் தேர்வு நெருங்கும்போது அல்ல, முதல் வருஷத்தில்தான். வருஷத்துக்கு 100 பீரியட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷத்துக்கு 200. அதில் 150 வேணும். முதல் வருஷம் 50 தான் வந்தவன், இரண்டாம் வருஷம் காய்ச்சல், கல்யாணம், கோயில்கொடை எதற்கும் ஒரு பீரியட் விடாமல் 100-ம் வரணும். 49 என்றால் அப்போதே கதை முடிந்தது. ஆனால் அது அவனுக்குத் தெரிய வருவது ஒரு வருஷம் கழித்து.

முதல் வருஷம் ஏன் விழுகிறது? புது பூட்ஸ் கடிக்கும். 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்ற டிரில் கட்டளைகளுக்கு அதையே திரும்பத் திரும்பச் செய்வது சலிக்கும். துப்பாக்கியால் சுட முகாம் வரை காத்திருக்கணும். ஹாஸ்டல் பிள்ளைக்கு ஊர் ஞாபகம். கிராமத்துப் பெண்பிள்ளைக்கு விடிகாலை பஸ் இல்லை. தை, ஆவணி முகூர்த்தம் வந்தால் பந்தி வேலைக்காரர்கள் பாதிப்பேர் காணாமல் போவார்கள்.

முகாமும் அப்படித்தான். பத்து நாள் முகாமை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவார்கள். அடுத்த வருஷம் இன்டர்னல் தேர்வோ அக்கா கல்யாணமோ குறுக்கே வரும். முகாமுக்குப் போகும் நாட்களுக்கு எங்கள் கல்லூரியில் ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டுவிடுகிறோம், வகுப்பு வருகை குறையாது. முதல் வருஷமே ஒன்றை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

இவ்வளவு மெனக்கெட்டால் என்ன பலன்? தமிழ்நாட்டில் காவலர் தேர்வில் என்.சி.சி. சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிக்கான எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்கு விண்ணப்பிக்க ஒரு வழி உண்டு. ஆண், பெண் இருபாலருக்கும் அது திறந்திருக்கிறது. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது லேசான விஷயமில்லை.

75 சதவீதத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. மூன்று வரிசையில் நின்று ஒன்றாகத் திரும்பக் கற்பதை, வராமல் இருந்து கற்க முடியாது. ஆனால் விதி நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கடைப்பிடிக்க முடிகிற காலத்திலேயே சொல்லவும் வேணும். சேர்க்கை நாளில் பிள்ளையை ஓடவிட்டு உயரம் அளக்கும்போதே வீட்டுக்காரர்களையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். வேலைக்குப் போகும் பிள்ளைகள் யார் என்று கேட்டு, பரேடு நேரத்தை அதற்கேற்ப வைக்கலாம்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். தீபாவளி லீவுக்குப் பிள்ளை வந்ததும் "மார்க் எவ்வளவு?" என்று கேட்கும்போது, "பரேடு எத்தன பீரியட் ஆச்சு?" என்றும் கேளுங்கள். தெரியாது என்றால் எங்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பதிவேடு ரகசியமில்லை, கேட்டால் எந்த மாதத்திலும் காட்டுவோம்.