அசேலியா பூக்கட்டும், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்ப்போம்



கேமரன் மலைக்குப் போய் வருகிறவர்கள் காய்கறி, சோளத்தோடு பூச்சட்டியும் வாங்கி வருவதுண்டு. சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று கொத்துக் கொத்தாகப் பூக்கும் அசேலியா அவற்றில் ஒன்று. வேலை முடிந்து களைத்து வரும்போது வாசலில் நாலு பூ பூத்திருந்தால் மனசுக்கு ஆறுதல்தான். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வளருங்கள். இந்தச் செடியின் இலையும் விஷம், பூவும் விஷம், பூவுக்குள் இருக்கும் தேனும் விஷம்.

அரளி விஷம் என்பது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டி காலத்திலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அசேலியா நமக்குப் புதுச்செடி. அதைத் தொடாதே என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் பிள்ளைகள் வெட்சிப்பூவைப் பிடுங்கி, காம்பை உருவி, தேனை உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். நாமும் சின்ன வயதில் செய்ததுதான். வெட்சியால் கெடுதல் இல்லை. அதே பிள்ளை அசேலியாவையும் அப்படியே பிடுங்கி உறிஞ்சினால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அசேலியா, ரோடோடெண்ட்ரான் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. நீலகிரி மலையில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு மரமும் இந்தக் குடும்பம்தான். துருக்கி நாட்டில் கருங்கடல் ஓரம் இந்த இனப் பூக்களில் தேனீ எடுக்கும் தேனைப் 'பைத்தியத் தேன்' என்பார்கள். கி.மு. 401இல் அந்தப் பக்கம் போன கிரேக்கப் படைவீரர்கள் தேனைத் தின்றுவிட்டு, நிற்க முடியாமல் வாந்தி எடுத்து விழுந்து கிடந்தார்கள் என்று அவர்களுடைய தலைவர் செனோபன் எழுதி வைத்திருக்கிறார். சில நாளில் எழுந்துவிட்டார்களாம்.

இந்த விஷத்துக்குக் கிரயானோடாக்சின் என்று பெயர். இது உடம்புக்குள் போனால் நரம்பும் இருதயமும் ஒழுங்காக வேலை செய்ய விடாது. முதலில் வாய் எரியும், எச்சில் வடியும். பிறகு வாந்தி, தலைசுற்றல், வியர்வை, உடல் தளர்ச்சி. அதிகமாகப் போயிருந்தால் இரத்த அழுத்தம் இறங்கி, நாடி மெதுவாகிவிடும். ஒன்றிரண்டு இதழைக் கடித்தால் பெரும்பாலும் பெரிய கெடுதல் வராது. ஆனால் சின்னப் பிள்ளை எத்தனை தின்றது என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளை தின்றுவிட்டால் செய்ய வேண்டியவை:

1. வாயில் இருப்பதை விரலால் மெதுவாக எடுத்துவிட்டு, தண்ணீரால் வாயைக் கழுவுங்கள்.

2. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். இருக்கிற ஆபத்தோடு இன்னொரு ஆபத்துச் சேரும்.

3. பிள்ளை சோர்ந்து படுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

4. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மயக்கம் வந்தால் 999க்கு அழையுங்கள். செடியில் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

நாடியைச் சரிப்படுத்த ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. நேரத்தோடு போனால் பெரும்பாலோர் ஒரு நாளில் தேறிவிடுவார்கள்.

ஆடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செடியைக் கவ்வாத்து செய்த தழையை வேலிக்கு அப்பால் எறியாதீர்கள். ஆடு தின்றால் நுரை தள்ளும், வாந்தி எடுக்கும், செத்தும் போகலாம். தழையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

இனி வளர்க்கும் முறை. அசேலியாவுக்குத் தேயிலை மாதிரி புளிப்பு மண்தான் பிடிக்கும். அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் ஆகாது. மக்கிய இலை உரம் கலந்த, தண்ணீர் வடியும் மண் போதும். காலை வெயில் படட்டும், உச்சி வெயில் வேண்டாம். இதன் வேர் மயிர் போல மெல்லியது, மேலாகவே ஓடும். அதனால் மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. பூத்து முடிந்த உடனே கவ்வாத்து செய்யுங்கள். குளிர் மலையில் பூப்பதுபோல இங்கே கீழே பூக்காது. கொஞ்சம் பூத்தால் சந்தோஷப்படுங்கள்.

தண்ணீர் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஜெலுபு வட்டாரம் நாட்டில் மழை குறைந்த இடங்களில் ஒன்று, வருடத்துக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர்தான். ஆகவே சட்டிக்கு நாமே தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஊற்றியது சட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கும். அது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். முட்டையோ தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தட்டை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. கொசு வளர விட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. ஆனால் பணத்தைவிட டிங்கிக் காய்ச்சல்தான் பெரிய நஷ்டம்.

கடைசியாக, சட்டியைத் தவழும் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆயாக் கொட்டகைப் பக்கம் வைக்கவே வேண்டாம். "இதுவும் அரளி மாதிரிதான், வாயில் வைக்காதே" என்று பிள்ளைகளிடம் இன்று ராத்திரியே சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். அரளிக்குப் பாட்டி சொன்னதை அசேலியாவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.