காரின் ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு

ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு என்பது, கார் எஞ்சினுக்குள் சுற்றிவரும் எண்ணெயின் அழுத்தம் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இறங்கிவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு ஆகும். ஓட்டுநருக்கு முன்னுள்ள மீட்டர் பலகையில், மூக்கிலிருந்து ஒரு துளி சொட்டும் எண்ணெய்க் குவளையின் படமாக இது இருக்கும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் கிளம்பிய சில நொடிகளில் அணைய வேண்டும். வண்டி ஓடும்போது எரிந்தால் பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று ஓட்டுவதுதான் பலருக்கும் பெருஞ்செலவு வைத்த தவறு.

சில கார்களில் இதே படம் மஞ்சள் நிறத்திலும் வரும். அது பெரும்பாலும் எண்ணெயின் அளவு குறைந்ததைச் சொல்வது. சிவப்பு, அழுத்தத்தைச் சொல்வது. இரண்டும் ஒன்றல்ல.

அழுத்தம் ஏன் தேவை

எஞ்சினின் அடியில் சம்ப் என்ற தொட்டியில் எண்ணெய் இருக்கிறது. ஆயில் பம்ப் அதை ஒரு வலை வழியே உறிஞ்சி, ஃபில்டரில் வடிகட்டி, கிராங்க் தண்டு, கேம் தண்டு ஆகியவற்றின் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடைவெளியில் நிற்கும் எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் தண்டு மிதந்து சுழல்கிறது.

தண்டைத் தூக்கி நிறுத்துவது பம்பின் அழுத்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்து 1883-இல் அறிக்கை அளித்தார். பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விட அவர் போட்ட துளை வழியே, அச்சு சுழலும்போது எண்ணெய் மேலே பொங்கி வந்தது. துளையை மரக்கட்டையால் அடைத்தார்; எண்ணெய் அந்தக் கட்டையையும் வெளியே தள்ளியது. அங்கே பம்ப் எதுவும் இல்லை! சுழலும் தண்டே எண்ணெயைக் குறுகலான இடத்துக்குள் இழுத்து, பெரும் அழுத்தத்தை உண்டாக்குகிறது. இதற்கான கணிதத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார்.

ஆக, பம்பின் வேலை அந்தப் படலத்துக்கு எண்ணெய் தீராமல் ஊட்டுவது. ஊட்டம் நின்றால் படலம் கிழியும். உலோகத்தோடு உலோகம் உரசும். பேரிங்கின் மென்மையான உலோகப் பூச்சு உருகித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். இதற்குச் சில நிமிடங்கள் போதும்.

சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பொதுவாகச் சுமார் 1 பார் அழுத்தமும், சாலை வேகத்தில் 3 முதல் 4 பார் வரையும் இருக்கும். விளக்கின் சுவிட்சோ பல கார்களில் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே போனால்தான் வேலை செய்யும். அதாவது அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகே விளக்கு எரிகிறது. விளக்கு எரியவில்லை என்பதால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

வழியில் செய்ய வேண்டியது

வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கடினமாகிவிடும். எனவே ஓரங்கட்டி நின்ற பிறகே அணைக்க வேண்டும். அபாய விளக்குகளைப் போட்டு, சமதரையில் பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், காருக்குரிய தரத்திலான எண்ணெயை ஊற்றலாம். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட அளவு பல கார்களில் சுமார் 1 லிட்டர். ஊற்றியபின் ஸ்டார்ட் செய்து சில நொடிகளில் விளக்கு அணையாவிட்டால் மறுபடி நிறுத்திவிட்டு, இழுவை வண்டியை அழைப்பதே வழி. வண்டிக்கடியில் எண்ணெய் ஒழுகினாலும் அப்படியே. உயரமான வேகத்தடையில் அடிபட்ட சம்ப் விரிசல் விடுவதும், உள்நோக்கி நசுங்கி உறிஞ்சும் வலையை அடைப்பதும் உண்டு.

அளவு சரியாக இருந்தால் நிம்மதி அடையக் கூடாது. அப்போது கோளாறு இன்னும் உள்ளே இருக்கலாம்.

காரணத்தைக் கண்டறிதல்

விளக்கு எப்போது எரிகிறது என்பதே முதல் துப்பு. வளைவிலும் பிரேக் போடும்போதும் மட்டும் மின்னினால், எண்ணெய் குறைந்து, வலையை விட்டு ஒதுங்குகிறது. எஞ்சின் சூடேறிய பின் சிக்னலில் நிற்கும்போது மட்டும் மின்னினால் எண்ணெய் நீர்த்திருக்கலாம். பம்போ பேரிங்குகளோ தேய்ந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. துகள் வடிகட்டி உள்ள பி.எஸ்.6 டீசல் கார்களைக் குறுகிய தூரமே ஓட்டிவந்தால், டீசல் கலந்து எண்ணெயின் அளவு கூடவும் செய்யும். கூடியிருக்கிறதே என்று மகிழ்வதற்கில்லை. பால் காப்பி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்திருந்தால் உள்கசிவு இருக்கிறது.

சுவிட்சோ வயரோ பழுதாகியும் விளக்கு எரியலாம். ஒற்றை வயர் சுவிட்ச் உள்ள பழைய கார்களில், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, அந்த வயரைக் கழற்றிப் பார்க்கலாம். அப்போதும் விளக்கு எரிந்தால் வயர் எங்கோ உடற்பகுதியில் தொடுகிறது. அணைந்தால் வயர் சரி. சுவிட்ச் கெட்டதா, அழுத்தமே இல்லையா என்பது இதனால் தெரியாது. அதைத் தீர்க்கும் சோதனை ஒன்றுதான்: சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்த மீட்டரைத் திருகி, சூடான எஞ்சினில் ஐடிலிலும் 2,000 அல்லது 3,000 சுற்றிலும் அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். சந்தேகம் சுவிட்சின் மேல் என்றாலும், அளக்காமல் அதை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

சரிசெய்தல்

அழுத்தம் உண்மையிலேயே குறைவு என்றால், எளிதானதிலிருந்து தொடங்குவது வழக்கம்: சரியான எண்ணெய், புதிய ஃபில்டர், பிறகு சம்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்தல். எண்ணெய் மாற்றாமல் நாள் கடத்திய எஞ்சின்களில் தார் போன்ற கசடு வலையை மூடியிருக்கும். எண்ணெய்க்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் கொண்ட எஞ்சின்களில் பெல்ட்டின் துணுக்குகளும் அடைப்பதுண்டு. அழுத்தத் தளர்வு வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா, பம்ப் தேய்ந்திருக்கிறதா என்பது அடுத்து. சம்பின் அடியில் உலோகப் பொடி மின்னினால் பேரிங்குகளைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் விளக்கு அணையும் என்பார்கள், அணையும்தான். என் பழைய காரில் ஒரு பட்டறைக்காரர் அப்படித்தான் செய்தார். மூன்று மாதம் விளக்கு எரியவில்லை. அதன்பின் எஞ்சினுக்குள் சுத்தியல் தட்டுவது போன்ற ஓசை கேட்டது. கிராங்க் தண்டையே மாற்ற நேர்ந்தது. 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது தேய்மானத்தைச் சரிசெய்வதில்லை, மறைக்கிறது. காலைக் குளிரில் அந்தக் கெட்டி எண்ணெய் பேரிங்கை எட்டவும் கூடுதல் நேரம் ஆகும்.

வேலை முடிந்து புதிய ஃபில்டர் மாட்டியபின் முதல் ஸ்டார்ட்டில் விளக்கு வழக்கத்தைவிடச் சில நொடிகள் கூடுதலாக எரியலாம். ஃபில்டர் நிரம்பும் நேரம் அது. விளக்கு அணையும் வரை ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது.