பேஸ்பால் ஜாம்பவான், கல்லூரி கோச்... யார் இந்த டோனி க்வின்?

பேஸ்பாலில் ஒரு பேட்டர் பத்து முறை களமிறங்கி மூன்று முறை ஹிட் அடித்தாலே ஸ்டார். மீதி ஏழு முறை சொதப்பலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள். அந்த விளையாட்டில் 20 சீசன் ஆடி, மூன்றுக்கு ஒன்றுக்கும் மேல் ஹிட் அடித்தவர் அமெரிக்காவின் டோனி க்வின். கரியர் ஆவரேஜ் 0.338.

1982 முதல் 2001 வரை சான் டியாகோ பாட்ரெஸ் அணியைத் தவிர வேறு ஜெர்சியே அவர் போடவில்லை. ஆடியது அவுட்ஃபீல்டில். கிரிக்கெட் பாஷையில் சொன்னால், பவுண்டரி பக்கம் நிற்கும் ஃபீல்டர். மொத்தம் 3,141 ஹிட், நேஷனல் லீகில் 8 முறை பேட்டிங் முதலிடம். 1994-ல் 0.394 என்று கனவு நம்பரான 0.400-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் வீரர்கள் ஸ்டிரைக், சீசனே காலி!

விசிஆர் ரகசியம்

1983-ல் ஃபார்ம் போனது. வெளியூரில் இருந்த க்வின், வீட்டுக்கு போன் போட்டு மனைவியிடம் தன் மேட்ச்சை விசிஆரில் பதிவு செய்யச் சொன்னார். திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தால், தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. அதன்பின் டூர் போனாலும் டேப்பும் பிளேயரும் கூடவே போகும். 'கேப்டன் வீடியோ' என்று பெயரே வந்துவிட்டது. இன்று எல்லா அணிகளும் செய்யும் வீடியோ அனாலிசிஸை அவர் அன்றே தனியாளாகச் செய்தார்.

மீண்டும் காலேஜுக்கு

ஓய்வு பெற்றதும், தான் படித்த சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கே கோச்சாகப் போனார். 2003 சீசனிலிருந்து தலைமைப் பயிற்சியாளர். அங்கே வெற்றி, தோல்வி ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். ஆனால், ஸ்கூல் முடித்தபோது எந்த அணியும் சீண்டாத ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பையன் அவரிடம் வந்து சேர்ந்தார். 2009 டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்வானது அதே ஸ்ட்ராஸ்பர்க்தான்.

உதட்டுக்குள் புகையிலை

அந்தக் காலத்து பேஸ்பால் வீரர்கள் பலரைப் போல க்வினுக்கும் உதட்டுக்குள் புகையிலை அடக்கும் பழக்கம் உண்டு. 2010-ல் உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய். புகையிலைதான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். மெல்லும் புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வரும் என்பது நிரூபணமான விஷயம். இந்தக் குறிப்பிட்ட சுரப்பியில் வருமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

2014 ஜூன் 16-ல் க்வின் இறந்தார். வயது 54. சில நாட்களுக்கு முன்புதான் கோச் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்திருந்தார்.

அவர் போனபின் புகையிலையை விடப் போவதாக ஸ்ட்ராஸ்பர்க் அறிவித்தார். 2016 இறுதியில் போடப்பட்ட வீரர்கள் ஒப்பந்தத்தில், மேஜர் லீகுக்குப் புதிதாக வருபவர்கள் களத்தில் மெல்லும் புகையிலை பயன்படுத்தத் தடை வந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆக, புகையிலை டப்பாவும் கிளம்பிவிடும் என்பது கணக்கு.